மூணாவது தடவை காதுல சொன்னது

ஒரு ஆடி மாசம், உச்சிப்பொழுது, நாலு பேர் தூக்கிட்டுப் போன பாடையில பொன்னுருவி கிடந்தா. ஒரு ஊர்ல இருந்த புள்ளை இல்லாத விதவை அவ. காய்ச்சல்ல மூச்சு நின்னுபோச்சுன்னு வைத்தியர் கையை விரிச்சுட்டார். ஆனா காது மட்டும் சாகலை. கண்ணு திறக்கலை, விரல் அசையலை, வாய்க்கரிசி நாக்குல குத்துறது தெரியுது, பறைச்சத்தம் கேக்குது. 'ஐயோ, எரிச்சிருவாங்களே'ன்னு உள்ளுக்குள்ளயே கத்துறா. யாருக்குக் கேக்கும்?

அந்த ஊர்ல ஒரு வழக்கம். பாதி வழியில பாடையை இறக்கி, தலைமாட்டைத் திருப்பி வெச்சு, சொந்தக்காரன் ஒருத்தன் காதுல மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும். உசுரு ஒட்டிக்கிட்டிருந்தா திரும்பட்டும்னு. அவளுக்கு இருந்தது கொழுந்தன் மாயழகு ஒருத்தன்தான். அவ செத்தா கிணறும் தோட்டமும் அவனுக்கு.

குனிஞ்சான். முதல் தடவை உதட்டை மட்டும் அசைச்சான். ரெண்டாவது தடவை சும்மா செருமினான். மூணாவது தடவை, "வராதே மதினி, அப்படியே போயிரு"ன்னான். நிமிர்ந்து, "கூப்பிட்டாச்சு, தூக்குங்கப்பா"ன்னான்.

கால்மாட்டுல நின்ன சோணை தோள் கொடுக்கலை. ஊரே கிறுக்கன்னு சொல்ற ஆளு அவன். "என்னய்யா கூப்பிட்டே? பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலை, செத்தவளுக்கு எப்படிக் கேக்கும்?"

"தூக்குடா கிறுக்குப் பயலே!"

"நீ தள்ளு"ன்னுட்டு சோணை அடிவயித்துல இருந்து கத்தினான். "பொன்னுருவிக்கா! ஏ பொன்னுருவிக்கா! எந்திரிக்கா!"

அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டுச்சு, அரிசி புரையேறுச்சு, இருமிக்கிட்டே எந்திரிச்சு உக்கார்ந்தா. எல்லாரும் ஓடினாங்க, எல்லாருக்கும் முன்னால மாயழகு ஓடினான். சிரிக்காதீங்க, நீங்களா இருந்தாலும் ஓடியிருப்பீங்க.

சாயங்காலம் ஊர் கூடிச்சு. போன மாசம் மகளைப் பறிகொடுத்த நல்லக்கா முன்னால வந்தா. "அடியே, என் செல்லி அங்க இருக்காளா? பசியோட இருக்காளாடி?"

பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா அவ வயிறு குளிரும். ஆனா பொன்னுருவி சொன்னது வேற: "நான் வாசல் வரைக்கும்கூடப் போகலைக்கா. ஒரே இருட்டு. என் வீட்டுக்காரரைத் தேடினேன், காணலை. இருக்குன்னு சொல்ல மாட்டேன், இல்லேன்னும் சொல்ல மாட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் இந்தப் பக்கத்துச் சத்தம்தான்."

நல்லக்கா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

பொன்னுருவி கொழுந்தன் பக்கம் திரும்பினா. "தம்பி, மூணாவது தடவை என் காதுல என்ன சொன்னே? சபையில சொல்லு."

அவன் மூஞ்சி வெளிறிப்போச்சு. "பொணமாக் கிடந்தியே! வராதேன்னு நான் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

சோணை, "அவ சொல்லலையேய்யா, நீதானே சொன்னே"ன்னான்.

ஊர் அம்பலக்காரர் துண்டை உதறித் தோள்ல போட்டார். "கூப்பிட மனசு வராதவனை இனிமே ஊர்ல யாரும் கூப்பிடப்படாது"ன்னார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடலை, சாவு வீட்டுக்குக் கூப்பிடலை, தெருவுல பேர் சொல்லிக்கூடக் கூப்பிடலை. அடுத்த சித்திரை எட்டாம் தேதி அவன் ஊரை விட்டே போயிட்டான்.

பொன்னுருவி இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தா. பங்குனி ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, செத்துப்போனா.