தொண்ணூற்றேழு அதிரசம்

முன்னொரு காலத்தில், இன்று எந்த வரைபடத்திலும் காணக் கிடைக்காத ஒரு நாட்டைச் செண்பகவர்மன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் போதும், அரண்மனை முழுவதும் அவனோடு சேர்ந்து ஆட வேண்டும். அந்த ஆண்டு அவனைப் பிடித்தது கணக்குப் பித்து. கணக்காயர் திருமேனிநாதரிடம் வர்க்க எண்களைக் கற்ற மறுநாளே, "நம் மெய்காவலர்கள் வரிசைக்கு எத்தனை பேரோ அத்தனை வரிசைகளாக நிற்க வேண்டும்" என்று ஆணையிட்டான்.

காவலர்கள் நாற்பத்தெட்டுப் பேர். ஆறு ஆறாக நிறுத்தினால் பன்னிரண்டு பேர் மிச்சம். ஏழு ஏழாக நிறுத்தினால் ஓர் ஆள் குறைவு. வேறு காவலரைச் சேர்க்கவும் கூடாது, இருப்பவரை விலக்கவும் கூடாதாம். திருமேனிநாதர், "நடவாத காரியம், மன்னா" என்று கைவிரித்தார்.

அவை விகடன் வைரவன் எழுந்தான். ஏழு ஏழாக அவர்களை நிறுத்தி, நட்டநடுவே மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விட்டான்.

"மன்னர் பெருமானே, தாங்கள் இங்கே எழுந்தருள வேண்டும். மெய்காவலர் இருந்தால் காக்க ஒரு மெய் வேண்டாமா?"

மன்னன் போய் நின்றான். எந்தப் பக்கம் எண்ணினாலும் ஏழு! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணக்காயர் முகத்தில்தான் ஈயாடவில்லை. தம்முடைய கணக்கில் ஒரு கோமாளி பெயர் வாங்குவதா?

அடுத்த வாரம் நிறைந்த சபையில் அவர் ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவரச் செய்தார். அதில் நெய் மினுமினுக்கும் அதிரசங்கள்.

"மன்னா, இவை தொண்ணூற்றேழு. வைரவன் இவற்றைப் பங்கிடட்டும். எத்தனை பேருக்கு என்பது அவன் விருப்பம். ஆனால் பங்குகள் சமமாக இருக்க வேண்டும். ஒன்றையும் உடைக்கலாகாது. மிச்சம் வைக்கலாகாது. யாருக்கும் ஒற்றை அதிரசம் மட்டும் கொடுக்கலாகாது. பங்கு பெற்றவர் இந்தச் சபையிலேயே அதை உண்டு முடிக்க வேண்டும். தவறினால் அவன் இந்தச் சபையை விட்டே போய்விட வேண்டும்."

"அருமையான போட்டி! சம்மதமா, வைரவா?" என்றான் மன்னன்.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வைரவன் தலையாட்டினான். சபையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

தாம்பாளம் தூக்கிவந்த மடைப்பள்ளி மாடத்தி அவன் காதருகே குனிந்தாள். "அய்யா, நான் நூறுதான் சுட்டேன். மூணை எடுத்துருன்னு கணக்காயருதான் சொன்னாரு. என்னமோ சூது இருக்கு, பாத்துக்குங்க."

வைரவன் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தான். இரண்டால் போகாது. மூன்றுக்கு ஒன்று மிச்சம். ஐந்துக்கு இரண்டு மிச்சம். ஏழுக்கு ஆறு மிச்சம். பத்துப் பத்து நூறு என்பதால், பத்துக்குக் கீழே ஒரு காரணியும் அகப்படாவிட்டால் மேலேயும் அகப்படாது. சரிதான், இது பகா எண்! தொண்ணூற்றேழுக்குக் காரணிகள் இரண்டே இரண்டு: ஒன்று, தொண்ணூற்றேழு. தொண்ணூற்றேழு பேர் என்றால் ஆளுக்கு ஒற்றை அதிரசம்தான். அந்த வழியைக் கணக்காயர் அடைத்துவிட்டார்.

அப்படியானால் இன்னொன்று? அவர் அதை மறந்தேபோனார்!

வைரவன் முகம் மலர்ந்தது. தாம்பாளத்தைத் தூக்கித் திருமேனிநாதரின் மடியில் வைத்தான்.

"ஒரே ஆளுக்கு ஒரே பங்கு, மன்னா. உடையவில்லை, மிச்சமில்லை, ஒற்றையுமில்லை. ஒரே பங்கு என்பதால் கூடுதல் குறைச்சலுக்கும் இடமில்லை. கணக்காயர் ஐயா, பசியாறுங்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது. "விதி தாங்கள் வகுத்ததல்லவா? உண்ணுங்கள்" என்றான் மன்னன்.

முதல் ஐந்தை அவர் வீராப்பாகத் தின்றார். எட்டாவதில் வியர்த்தது. பதின்மூன்றை விழுங்கியதும் கண்கள் பிதுங்க, "வைரவா, என்னைக் காப்பாற்றப்பா!" என்றார்.

அந்த முகத்தைப் பார்க்க வைரவனுக்கே பாவமாகிவிட்டது.

"மன்னா, இப்போது மீதி எண்பத்து நான்கு. தாராளமாக வகுபடும் எண். கணக்காயரை விட்டுவிட்டால், தங்களோடு சேர்த்து இங்கே இருபத்தெட்டுப் பேர் இருக்கிறோம். மாடத்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆளுக்கு மூன்று!"

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் பங்கைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வைரவனுக்குப் போட்டான். வைரவன் அப்போதே முத்துகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணத் தொடங்கினான்.

"என்னப்பா, நான் கொடுத்ததில் சந்தேகமா?"

"இல்லை, மன்னா. நூற்றொன்று இருக்கிறது. பகா எண்தான். இனி என் மைத்துனர்கள் நான்கு பேரும் பங்கு கேட்டு வர முடியாது!"

மன்னன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைத் தாங்கிப் பிடித்தவர் திருமேனிநாதர். வயிற்றில் பதின்மூன்று அதிரசத்தோடு அதற்கு மேல் அவரால் அசைய முடியவில்லை.