மலைக்கு ஒரு கம்பளி

முன்னொரு காலத்தில், ஏழு நிலை மாடம் கட்ட ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். ஏழா, ஒன்பதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மார்கழியிலும் வியர்த்த நாடு அது என்பதில் சந்தேகமில்லை.

"என் நாட்டைச் சூடாக்குகிறவன் யார்?" என்று ஒருநாள் ராஜா, சிம்மாசனத்தில் ஒட்டிக்கொண்ட முதுகைப் பிய்த்தபடி கேட்டார்.

மாடத்துக்குச் செங்கலும் சுண்ணாம்பும் சுடும் சூளைகளுக்கெல்லாம் அதிகாரியான விழுப்பரையர் முந்திக்கொண்டார். "வடக்கே இருக்கும் எரிமலைதான், பிரபு. அதன் புகை கம்பளி மாதிரி நம்மைப் போர்த்திப் புழுங்க வைக்கிறது." அரசவை விதூஷகன் ஆவுடையானை அவருக்கு ஆகாது. அதனால் இதையும் சேர்த்துக்கொண்டார்: "எதையும் பேசியே சாதிக்கிறவர் ஆவுடையான். அவர் போனால் மலை தானே கைவிலங்கு மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடாதா?"

"எட்டு நாள் தருகிறேன்," என்றார் ராஜா ஆவுடையானிடம். "மலையைச் சபையில் நிறுத்து. இல்லையென்றால் உன்னை அதன் வாய்க்குள் போடுவோம்."

ஆவுடையான் நாற்பது முழச் சங்கிலியைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போய் மலையடியில் உட்கார்ந்தான். மூன்று நாள் அழைத்துப் பார்த்தான், மலை அசையவில்லை. உச்சியிலிருந்து நூல்போலப் புகை போய்க்கொண்டிருந்தது. ஒரு சுண்ணாம்புச் சூளை விடுகிற அளவுதான். இதற்குள் விழுந்தா சாக வேண்டும் என்று நினைத்துக் கழுதையை ஊர்ப்பக்கம் திருப்பினான். திரும்பும் வழியில், மாடத்துக்காக எரியும் சூளைகளை எண்ணிக்கொண்டே வந்தான். நூறாவது சூளையருகே கழுதை இருமியது. எண்ணுவதை நிறுத்தினான்.

எட்டாம் நாள், ஒரு வண்டி நிறையக் கம்பளியோடு அரண்மனைக்கு வந்தான்.

"மலை எங்கே?"

"அழைத்தேன், மகாராஜா. மறுக்கவில்லை. நடக்கத்தான் வரவில்லை. நடக்க முடியாதவர்மேல் புகார் சொன்னவர் அவரைச் சுமந்து வர வேண்டும், இல்லையேல் அவர் இடத்தில் தாமே நிற்க வேண்டும் என்பது நம் சபை வழக்கம். விழுப்பரையர் சுமக்கிறாரா, நிற்கிறாரா?"

விழுப்பரையர் தம் தோளைப் பார்த்தார். சாளரத்தில் தெரிந்த மலையைப் பார்த்தார். போய்க் குற்றவாளி இடத்தில் நின்றார்.

"போர்த்தியவரைப் போர்த்துவதுதானே நியாயம்?" என்று ஆவுடையான் அவர்மேல் ஒரு கம்பளியைப் போட்டான். "இது மலையின் புகைக்கு."

"இவ்வளவுதானா!" என்று சிரித்தார் விழுப்பரையர்.

"மலை ஒருமுறை வெடித்ததே, அதற்கு?" என்றார் ராஜா.

"தங்கள் பாட்டனார் காலத்தில், மகாராஜா. அப்போது எழுந்த மூட்டம் வெயிலை மறைத்ததால், சித்திரையில் அவர் குளிர்காய்ந்தார். ஆகவே மலைக்குக் குடையும் பிடிக்க வேண்டும்." ஆவுடையான் விழுப்பரையரின் தலைக்குமேல் ஒரு குடையை விரித்தான், உடனே மடக்கினான். "இரண்டே வருஷம்தான் நிழல். மலை போகலாம். இனிச் சூளை அதிகாரி வரட்டும். சூளைக்கு ஒரு கம்பளி."

பத்தாவது கம்பளியில் மூக்கு மறைந்தது. முப்பதாவதில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஐயா, நான் மலையாகவே இருந்துவிடுகிறேன்!"

ராஜா சிரிக்க வாய் திறந்தார். ஆவுடையான் அடுத்த கம்பளியோடு அவர் முன்னால் வந்து நின்றான்.

"மாடம் யாருடையது என்று கேட்கிறாயா?" என்றார் ராஜா.

"நான் ஒன்றும் கேட்கவில்லை, மகாராஜா."

ராஜா கம்பளியை வாங்கித் தாமே போர்த்திக்கொண்டார். கழுத்தில் வியர்வை வழிந்தது. அப்புறம்தான் சிரித்தார், சிம்மாசனம் ஆடும்படி. "மூன்று நிலை போதும்! சூளைகளை அணையுங்கள்! ஆவுடையா, உனக்கு என்ன வேண்டும்?"

"அந்தச் சங்கிலி, மகாராஜா."

அதில் ஆவுடையான் ஊஞ்சல் கட்டிக்கொண்டான். விழுப்பரையர் குளிர்தேசம் போய்க் கம்பளி விற்றார். கம்பளியை எடுத்ததும் உடம்புச் சூடு தணிந்துவிடுவதில்லை; சூளை அணைந்த நாடும் அப்படித்தான். ராஜா வியர்த்தபடியேதான் காலமானார். மார்கழிக் குளிர் அவருடைய பேரனுக்குக் கிடைத்தது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது.