பிரதானி அடைகாத்த கிளிகள்

முந்திரிக்காட்டுச் சீமையை ஆண்ட ராஜாவுக்குப் பேர் உக்கிரபூபதி. பேரில்தான் உக்கிரம். தூசி பட்டால் போதும், கிரீடம் கீழே விழுகிற மாதிரி தும்முவார்.

அவருடைய சபையில் ஒரு கம்பளம். ஓரம் முழுக்கப் பச்சைக்கிளிகள். மாசம் ஒரு தரம் மருதாயியும் அவள் புருஷன் சடையனும் வந்து அதைக் கம்பால் அடித்துத் தூசி தட்டுவார்கள். சுருட்டி வெளியே கொண்டுபோகக் கூடாது. சபைக் கம்பளத்தைச் சுருட்டினால் ராஜ்ஜியத்தையே சுருட்டின மாதிரியாம். அதனால் உள்ளேயே அடி, உள்ளேயே தூசி, ராஜாவுக்கு உள்ளேயே தும்மல்.

ஒரு நாள் தொடர்ந்து நாற்பது தும்மல் போட்டார் ராஜா.

"இனி அடிக்கிற வேலையே வேண்டாம்! வெந்நீர் பீச்சி அலசுகிற வண்டி வந்திருக்காமே, அதில் ஒன்று வாங்கு. நாளைக்குள் வாங்காவிட்டால் உனக்கு அரண்மனை வேலை இல்லை!" என்று மருதாயியிடம் சீறினார்.

அவளிடம் கொடுக்க இருந்தது ரெண்டு கறவை எருமைதான். அந்தப் பாலில்தான் வீட்டில் நாலு மாசக் குழந்தை வளருது.

அன்றைக்கே வாசலில் ரெண்டு வண்டி வந்து நின்றது. ஒன்று நாலு மாட்டு வண்டி. யானைக்குட்டி மாதிரி செப்புக் கொப்பரை, பத்துப் பித்தளைக் குழாய், மேலே பட்டுக்குடை. விலை ரெண்டு எருமை. விற்கிறவன் ராஜாவின் மந்திரியான பிரதானி பொன்னுரங்கத்தின் மச்சினன். இன்னொன்று ஒற்றை மாட்டு வண்டி. கொப்பரை சின்னது. அதன் பின்னால் பெரிய துருத்தி ஒன்று தொப்பையைத் தள்ளிக்கொண்டு இருந்தது. விலை ஒரே எருமை. விற்கிறவர் கம்மாளத் தெரு ஆசாரி.

"ஏ புள்ள, பெரிய வண்டியில மணி கூட இருக்கு!" என்றான் சடையன், வாயைப் பிளந்துகொண்டு.

"மணி கம்பளத்த வெளுக்குமாக்கும்?" என்று மெல்லக் கடிந்தாள் மருதாயி.

பிரதானி மீசையை நீவினார். "பெரிய வண்டிதான் வாங்கணும். ராஜா வீட்டுக்குக் கஞ்சப் பிசினாறி வண்டியா?"

மருதாயிக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. தூணுக்குப் பின்னால் நின்று முந்தானை நுனியைத் திருகினாள். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் ஆபத்சகாயம் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தாயி, மனசுல என்ன கிடக்கு?"

"ஒண்ணுமில்லீங்க… எவ்வளவு தண்ணி ஊத்துதுன்னே எல்லாரும் பாக்குறாங்க. ஊத்துன தண்ணிய எவ்வளவு திருப்பி உறிஞ்சுதுன்னு யாரும் கேக்கலையே. பிள்ள நனைச்ச பாயில படுத்தவளுக்குத்தானே அது தெரியும்."

ஆபத்சகாயம் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவே மறந்துவிட்டார். நேராக ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, ஆளுக்குப் பாதிக் கம்பளம். ரெண்டு வண்டியும் வெளியே நிற்கட்டும், தோல் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். அலசி முடிந்ததும் சபை கூடட்டும். பிரதானி அவர் மெச்சிய பாதியில் உட்காரட்டும்."

"பேஷாக!" என்றார் பிரதானி.

மறுநாள் காலை பெரிய வண்டி மணியடித்து அருவி மாதிரி கொட்டியது. சின்ன வண்டி கொஞ்சமாய்ப் பீச்சி, துருத்தியால் 'சர்ர்' என்று மொத்தத்தையும் திரும்ப இழுத்தது. ராஜா வெற்றிலை போட்டு முடித்ததும் சபை கூடியது. பெரிய வண்டி அலசிய பாதியின் ஓரத்தில் பிரதானி கம்பீரமாய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் ரெண்டும் பிதுங்கியது.

எழுந்திருக்கவா முடியும்? ராஜா எழும் முன் சபையில் யாரும் எழக் கூடாது.

ஆபத்சகாயம் கைகட்டிக் கேட்டார்: "மகாராஜா, அந்தப் புலி வேட்டைக் கதையை இன்னொரு தரம் சொன்னால் காது குளிரும்."

பிரதானிக்குக் குளிர்ந்தது காது இல்லை. ராஜாவுக்கு அந்தக் கதை என்றால் உயிர். புலி புதரை விட்டு வெளியே வருவதற்கே உச்சிவேளை ஆகிவிட்டது.

கதை முடிந்து ராஜா கேட்டார்: "பிரதானி, உம்ம பாதி எப்படி?"

"ச… சருகு மாதிரி காய்ந்திருக்கு, பிரபு!"

"அப்படியா? சரி, மருதாயி, ரெண்டு எருமையையும் ஓட்டி வா!"

மருதாயி தூணுக்குப் பின்னால் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராஜா எழுந்தார். பிரதானியும் எழுந்து, ராஜாவுக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே வாசலுக்கு நகர்ந்தார். ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது என்ற வழக்கம் இன்றைக்கு அவருக்குத் தெய்வம் தந்த வரம்.

"ஐயோ!" என்று கத்தினார் ஆபத்சகாயம். "கம்பளத்தில் ரெண்டு கிளியைக் காணோம்!"

"என்ன, திருட்டா?" ராஜா குதித்தார். "யார் எடுத்தது?"

"பிரதானி உட்கார்ந்த இடத்தில்தான் காணோம், மகாராஜா."

"நானா? மடியைச் சோதித்துக்கொள்ளும்!"

"மடியில் வேண்டாம் சாமி. கொஞ்சம் திரும்புங்கள்."

"ராஜாவுக்கு முதுகு காட்டுவதா? மாட்டேன்!"

"நான் சொல்கிறேன், திரும்பும்!" என்றார் ராஜா.

பிரதானி திரும்பினார். வெள்ளை வேட்டியின் பின்புறத்தில், சாயம் சொட்டச் சொட்ட, மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு ரெண்டு பச்சைக்கிளிகள்.

"கிளி எங்கேயும் போகவில்லை, மகாராஜா," என்றார் ஆபத்சகாயம். "காலையிலிருந்து பிரதானி அடைகாத்தார். இப்போதுதான் பொரித்திருக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டே போனது. சின்ன வண்டியை அரண்மனைச் செலவில் மருதாயிக்கே கொடுத்தார். ரெண்டு எருமையும் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். ஆபத்சகாயத்துக்கு வெள்ளி வெற்றிலைப் பெட்டி.

"எல்லாம் சரி, இந்த வேட்டியை என்ன செய்வது?" என்று பல் கிட்டிக்கக் கேட்டார் பிரதானி.

மருதாயி முதல்முறையாகத் தூணை விட்டு வெளியே வந்தாள்.

"அவுத்துக் காயப்போடுங்க சாமி. எங்க வீட்டு நாலு மாசப் பிள்ளைக்கும் நான் அதத்தான் செய்யிறேன்."