தூக்குப்போசியும் ரெண்டு ஃபேனும்

சகலை மோட்டார்ஸ் எங்கே என்று எங்கள் ஒண்டிப்புதூர்ப் பக்கம் வந்து கேட்டுப்பாருங்கள். கேட்ட ஆள் முதலில் சிரிப்பான், பிறகுதான் வழி சொல்வான். நான் சிரிக்க மாட்டேன். அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு நேர் எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவன் நான். தினமும் பார்க்கிற முகத்தைப் பார்த்து எவ்வளவுதான் சிரிப்பது, வாய் வலிக்காதா?

ஒரே வீட்டில் பெண் எடுத்த மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற ஒர்க்‌ஷாப் அது. மூத்த பெண்ணைக் கட்டியவர் ஆறுக்குட்டி. அதனால் அவர்தான் பெரிய சகலை. வயதில் மூவரிலும் இளையவர் அவர்தான் என்பது வேறு விஷயம். நடுச் சகலை மாரப்பன் எதையும் யோசித்துத்தான் செய்வார். யோசிக்காமல் செய்ததையும் பார்த்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் இல்லை. கடைசிச் சகலை கிட்டுசாமி, மற்ற இருவரும் சொல்வதைச் செய்வார். மூவரும் தங்கமான மனுசர்கள். ஒருத்தரை ஏமாற்றத் தெரியாது. அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமல்லவா?

இந்த மூவரிடம்தான் கோகிலவாணி தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்து விட்டாள்.

பம்ப்செட் கடை சென்னியப்பனுடைய மகள் அவள். பழைய காரொன்றை வாங்கி, பெரிய எஞ்சின் வைத்து, செம்மண் மைதானத்தில் நடக்கிற ரேஸில் ஓட்டுவாள். ஓட்டுவதில் குறையே சொல்ல முடியாது. வண்டிதான் பாதி ரேஸில் கொதித்து, புகை கக்கி நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். அப்பனுக்கு மானம் போயிற்று.

"இந்தத் தடவை வண்டி ரேஸை முடிச்சுட்டு தானா வீடு வந்து சேர்ந்தா அது உன்றது. கயித்துல வந்துச்சுன்னா வித்துப்போட்டு, கடைக்குச் சாமான் ஏத்த ஒரு வேன் வாங்கிப்போடுவேன்" என்று சொல்லிவிட்டார் சென்னியப்பன். சேலத்துக்காரன் ஒருவன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போய்விட்டான். அவன் பானட்டைத் தடவிப் பார்த்ததை நினைத்து நினைத்து அந்தப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

இந்தச் சகலைகளை நம்பியா விட்டாள் என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே வந்துபோகிற வயரிங் திருமூர்த்தியை நம்பி விட்டாள். புது ரேடியேட்டர், பெரிய கரண்டு ஃபேன் ரெண்டு, ரிலே, ஃபியூஸ், சூடு பார்க்கிற சென்சார் எல்லாம் அவன்தான் வாங்கி வைத்தான். ஆனால் பழனிக்கு நடந்து வருவதாக அவனுக்கு ஒரு வேண்டுதல். கூட்டம் கிளம்பிவிட்டது. மாலை போட்டிருந்தவன் போனைக்கூட வீட்டில் வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே சகலைகளிடம் வேலையை ஒப்படைத்தான்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இது பெரிய ஃபேனு, கரண்டு நிறைய இழுக்கும். பழைய வயருல குடுத்தா வயரு உருகிப்போயிரும். பேட்டரியில இருந்து தடி வயரு இழுத்து, நடுவுல ஃபியூஸ் போட்டு, ரிலே வழியாக் குடுங்க. கரண்டு மீறுனா ஃபியூஸ் போகணும், வயரு போகக் கூடாது. அதனால ஃபியூஸ் நல்லதான்னு பாத்துப் போடுங்க. ரெண்டு ஃபேனும் ஒண்ணாக் கிளம்புனா பேட்டரி தாங்காது. ஒண்ணு கிளம்பிக் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு கிளம்பற மாதிரி டைமர் ரிலே வெச்சிருக்கறேன். எது முதல்லன்னாலும் பரவால்ல. கடைசியா, சென்சாரை வெந்நியில முக்கிப் பாருங்க. ஃபேன் ஓடணும். ஓடிருச்சுன்னா அப்பறம் எதுலயும் கை வெக்காதீங்க சாமிகளா!"

கும்பிட்டுவிட்டு நடந்தான். முருகா முருகா என்று அவன் குரல் தேய்ந்து மறையும்வரை மூவரும் கைகட்டி நின்றார்கள்.

முதலில் ஃபியூஸ். ஒரு டப்பா நிறைய இருந்தது.

"கரண்டு மீறுனா போகணும்னு சொன்னாப்பல. போகுமான்னு எப்படித் தெரியும்?" என்றார் ஆறுக்குட்டி.

"போகுதான்னு பாத்தாத்தானுங்க தெரியும்" என்றார் மாரப்பன்.

ஒரு ஃபியூஸை எடுத்து பேட்டரியின் இரு முனையிலும் வயர் வைத்துத் தொட்டார்கள். பட்டென்று நெருப்புத் தெறித்து ஃபியூஸ் போயிற்று. "நல்ல ஃபியூஸ்" என்றார் ஆறுக்குட்டி, கிட்டுசாமி அதைத் துடைத்துத் தட்டில் வைத்தார். அடுத்ததும் போயிற்று. அதுவும் நல்லது. டப்பா முழுக்க நல்ல சரக்கு, கடைக்காரன் நாணயமானவன் என்று பாராட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சுட்டார்கள். கடைசி ஃபியூஸ் மட்டும் போகவில்லை. அதற்குள் பேட்டரி களைத்துப்போயிருந்தது.

"இது கெட்டது, தூக்கிக் கடாசுங்க" என்றார் மாரப்பன்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு நல்ல ஃபியூஸ்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். எதிலும் கரண்டு வரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கெட்டதைத் தேடி எடுத்துப் போட்டார்கள். வந்தது.

"காலம் கெட்டுப்போச்சுங்க. கெட்டதுக்குத்தான் மதிப்பு" என்றார் ஆறுக்குட்டி.

அடுத்து, எந்த ஃபேன் முதலில் கிளம்புவது. எது முதலில் என்றாலும் பரவாயில்லை என்று திருமூர்த்தி சொன்னது மூவருக்கும் பெரிய மனவருத்தம். மாமனார் வீட்டு விருந்தில் யாருக்கு முதல் இலை போடுவது என்பதில் பத்து வருசமாக ஒழுங்கு காப்பாற்றுகிறவர்கள். அவர்களிடம் போய்ப் பரவாயில்லை என்றால்?

"டிரைவர் பக்கத்து ஃபேன்தான் மூத்தது" என்றார் மாரப்பன்.

"அட்டைப்பெட்டியில இருந்து முதல்ல வெளிய வந்தது எதோ அதுதானுங்க மூத்தது" என்றார் கிட்டுசாமி.

"வயசு கணக்கில்ல. எந்த இடத்துல இருக்குதுங்கறதுதான் கணக்கு" என்று பெரிய சகலை தன் அனுபவத்தைச் சொன்னார். டிரைவர் பக்கத்து ஃபேனுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அதை முதலில் கிளம்புகிற மாதிரி கொடுத்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்க இதற்கே போயிற்று.

ரேடியேட்டரைப் பொருத்தும்போது அதன் அடியில் மரை போட்ட ஓட்டை ஒன்று இருப்பதை கிட்டுசாமி கண்டுபிடித்தார். தண்ணீர் ஊற்றினால் அதன் வழியாகக் கொட்டிற்று. "எந்தப் புண்ணியவானோ ஓட்டையை அடைக்க மறந்துட்டான்" என்று பரிதாபப்பட்டு, ஒரு போல்ட்டைப் போட்டு இறுக்கி அடைத்தார்கள். சென்சார் போய் உட்காரவேண்டிய இடம் அது.

கடைசியாகச் சென்சார். மாரப்பன் வீட்டிலிருந்து தூக்குப்போசி வந்தது. மூடியும் கைப்பிடியுமாக, நாலு ஆள் சாம்பார் கொள்கிற எவர்சில்வர்ப் போசி. அதில் வெந்நீர் ஊற்றிச் சென்சாரை முக்கினார்கள். பொட்டு வைத்த ஃபேன் உர்ரென்று கிளம்பியது, சற்றுப் பொறுத்து இளையதும் கிளம்பியது. இழுப்பென்றால் அப்படி ஒரு இழுப்பு, முன்னால் நின்ற ஆறுக்குட்டியின் தோள்துண்டு பறந்துபோய் ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது. மூவரும் கைதட்டினார்கள். நானும்கூடத் தட்டினேன்.

"ஓடிருச்சு. இனி எதுலயும் கை வெக்கக் கூடாது" என்றார் ஆறுக்குட்டி.

"ஏனுங்க, சென்சாரு போசிக்குள்ள இருக்குதே?" என்றார் மாரப்பன்.

"இருக்கட்டும். கை வெக்கக் கூடாது."

"போசி எங்கூட்டுதுங்க. சாயங்காலம் சாம்பாருக்கு வேணும்."

"சாம்பாரு பெருசா, அந்தப் புள்ள வண்டி பெருசா?"

மாரப்பன் தலை குனிந்தார். எனக்கே பொறுக்கவில்லை. "பெரிய சகலை, அது ரேடியேட்டருக்குள்ள மாட்டறது இல்லீங்களா?" என்று கேட்டேன்.

ஆறுக்குட்டி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அதுல ஏதுங்க ஓட்டை? நாங்கதான் அடைச்சுப்போட்டமே!"

இதற்குமேல் நான் என்னத்தைப் பேச? பஞ்சர் ஒட்டப் போய்விட்டேன். அவர்கள் போசியை இடுக்கியால் பிடித்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். கை வைக்கவில்லை பாருங்கள்.

ரேஸ் அன்று வண்டியை மைதானத்துக்கு அவர்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் டீக்கடை டீக்கடையாக நிறுத்திப் போசிக்கு வெந்நீர் மாற்றிக்கொண்டு வந்ததில் நேரமாகிவிட்டது. மற்ற வண்டிகளெல்லாம் கோட்டில் நிற்கின்றன. கோகிலா ஓடிவந்து கதவைத் திறந்தாள். பக்கத்து சீட்டில் கிட்டுசாமி, மடியில் ஆவி பறக்கும் போசி, போசிக்குள்ளே வயர்.

"என்னங்ணா இது?"

"ஃபேனு இதுலதான் ஓடுதுங்க அம்மிணி. நான் புடிச்சுக்கறேன், நீங்க தைரியமா ஓட்டுங்க."

வளைவு வருவதைச் சொல்ல ஓர் ஆள் கூட உட்காரலாம் என்பது அந்த ரேஸின் விதி. அதனால் கிட்டுசாமியை யாரும் இறக்கவில்லை, தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். கோகிலா வாயைத் திறப்பதற்குள் கொடி விழுந்தது. "அட முருகா!" என்று அவள் கத்தியது வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

உள்ளே நடந்ததை கிட்டுசாமி வாயால் கேட்டதுதான் நான் சொல்கிறேன். வண்டி பறந்தது. அவர் ஒரு வளைவைக்கூடச் சொல்லவில்லை, கண்ணெல்லாம் போசி மேலேயே. குழியில் விழுந்து எழும்போதெல்லாம் பாதி வெந்நீர் அவர் மடியில். வலித்தாலும் விடவில்லை. நாலைந்து வண்டிகளைத் தாண்டிவிட்டாள் கோகிலா. அப்போது ஃபேன் சத்தம் நின்றது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது.

"அண்ணா, ஃபேன் நின்னுபோச்சு!"

கிட்டுசாமி விரலை விட்டுப் பார்த்தார். "போசி ஆறிப்போச்சுங்க அம்மிணி."

"எஞ்சின் கொதிக்குதுங்ணா!"

"எஞ்சின் கொதிச்சு என்ன பண்றதுங்க, போசி ஆறிப்போச்சே!"

மைதானத்தின் மறுகோடியில், ஒரு வேலமரத்தடியில் வண்டி புகையோடு நின்றது. கோகிலா ஸ்டியரிங்கைக் குத்தினாள். "போச்சு! எல்லாம் போச்சு! சேலத்துக்காரன் நாளைக்கே வந்துருவான்" என்று அழுதாள். அவள் தாண்டி வந்த வண்டிகளெல்லாம் இப்போது அவளைத் தாண்டிப் போயின.

கிட்டுசாமிக்கும் அழுகை வந்துவிட்டது. இறங்கி, இந்தப் பொட்டல் காட்டில் வெந்நீருக்கு எங்கே போவது என்று நாலாபக்கமும் பார்த்தார். அடுப்பு இல்லை, டீக்கடை இல்லை. அப்போதுதான் காலடியில் சுர்ரென்றது. வண்டிக்கு அடியில் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மிணி! அழுவாதீங்க! வண்டியே வெந்நி குடுக்குது!"

போசியை நீட்டிப் பிடித்தார். சென்சார் முங்கியதுதான் தாமதம், பொட்டு வைத்தது கிளம்பிற்று, பின்னாலேயே இளையது. முள் மெல்ல இறங்கியது. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாய் வழியாகக் கொட்டிப்போனதற்கு ஈடாக, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரின் பக்கத்து டப்பாவில் ஊற்றினாள். ஏறி உட்கார்ந்தாள். சூடேறினால் குழாய் கக்கும், நிறுத்திப் போசியில் பிடிப்பார், ஃபேன் ஓடும், போவார்கள். இப்படியே கக்கிக் கக்கி ரேஸை முடித்தார்கள். கடைசியாகத்தான் வந்தார்கள். பரிசு கொடுத்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வண்டி தானாக வந்தது! சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்த மனுசன் அதைக் கீழே போட்டார்.

வீட்டுக்குப் போகும்போது போசியைப் பிடித்துக்கொள்ள அவரே உட்கார்ந்தார். கிட்டுசாமிக்கு மடி வெந்திருந்தது. வண்டி வாசலில் நின்றதும், "வண்டி உன்றதே கண்ணு. ஆனா ஒண்ணு, இந்தப் போசியில எவனும் கை வெக்கக் கூடாது. கிட்டுசாமி இல்லாம இந்த வண்டி எங்கயும் போகக் கூடாது" என்றார். பெண் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கே தெரியவில்லை.

பழனியிலிருந்து பஞ்சாமிர்தத்தோடு வந்த திருமூர்த்தி காரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். போசியிலிருந்து சென்சாரை எடுக்கக் கையை நீட்டினான்.

சென்னியப்பன் கையைத் தட்டிவிட்டார். "ஓடறதுல கை வெக்காதேன்னு சொன்னவன் நீதானப்பா?"

அவன் கையை இழுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்து பார்த்தான். ஆறுக்குட்டி அதற்குள் வேலையை இன்னும் திருத்தியிருந்தார். நிறுத்தி நிறுத்திப் பிடிப்பது சிரமம் என்று, கக்குகிற குழாயையே நீட்டிப் போசிக்குள் விட்டிருந்தார்கள். அதனால் போசி பயங்கரமாகச் சுட்டது. கிட்டுசாமி மடி பாவம் அல்லவா? போசியை ஆற்ற ஒரு சின்ன ஃபேன் வைத்திருந்தார்கள்.

"அந்தச் சின்ன ஃபேனு எப்படிங்க கிளம்பும்?" என்று திருமூர்த்தி ஈனக்குரலில் கேட்டான்.

"அதுக்கும் ஒரு சென்சாரு இருக்குதுங்களே" என்று பின் சீட்டிலிருந்து மாரப்பன் ஒரு சின்னப் போசியைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தச் சின்னப் போசியும் சூடாயிருச்சுன்னா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை யோசிக்கவில்லை.

அடுத்த ரேஸுக்கு வண்டி கோட்டில் நின்றபோதும் நான் போயிருந்தேன். முன்னால் கிட்டுசாமி பெரிய போசியோடு, பின்னால் மாரப்பன் சின்னப் போசியோடு. அவருக்குப் பக்கத்தில் பெரிய சகலை ஆறுக்குட்டி, கையில் ஒரு டம்ளர் டீ, டீக்குள்ளே வயர். இத்தனை பேர் எதற்கு என்று கேட்ட அதிகாரியிடம், வளைவு நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்திருந்தார்கள்.

கோகிலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். கொடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "எல்லாருக்கும் சூடா இருக்குதுங்களா?"

"சூடுங்க அம்மிணி" என்றார் கிட்டுசாமி.

"சூடுங்க" என்றார் மாரப்பன்.

பெரிய சகலையிடமிருந்து மட்டும் சத்தமில்லை. கோகிலா திரும்பிப் பார்த்தாள்.

"டம்ளர் காலிங்க அம்மிணி" என்றார் ஆறுக்குட்டி. "ஆறிப்போயிருமேன்னு குடிச்சுப்போட்டேன்."