மாசானத்தின் மலைப்பாம்பு

கோமதியம்மையின் மடத்தில் சேர வருகிறவர்களுக்கு முதலில் பாடம் கிடையாது. வளர்க்க ஓர் உயிர் கிடைக்கும்.

அடிவாரத்து ஊர்க்காரர்கள் வலையில் சிக்கியது, கலப்பையில் அடிபட்டது, கிணற்றில் விழுந்தது என்று எதையாவது சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மடத்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பாம்பு, உடும்பு, ஓணான், ஆமை. புதிதாக வருகிறவர் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் அது உயிரோடு இருந்தால் பாடம் தொடங்கும். வளர்க்கிறவரின் கவனக்குறைவால் செத்துப்போனால் அவர் மூட்டையைக் கட்ட வேண்டும். ஏன் நாய் கிடையாது, ஏன் கிளி கிடையாது என்று கேட்டவர்கள் உண்டு. அம்மை பதில் சொன்னதில்லை.

சாத்தப்பன் துணிக்கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அம்மைக்கு அவருடைய மூத்த மருமகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் கைகட்டி நின்றார்.

“அம்மா, பழக்கமில்லாதவன் எதை எடுக்கலாம்?”

“கொட்டகையைச் சுற்றிப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“எதைப் பார்த்தால் சலிப்பாக இருந்தது?”

சாத்தப்பன் யோசிக்கவே இல்லை. “அந்தத் தரை ஆமை.”

“அதை எடுத்துக்கொள்ளுங்கள்.”

அன்று மாலையே மாசானம் வந்து சேர்ந்தார். ஆற்றில் பரிசல் ஓட்டி மீன் பிடிக்கிறவர். கொண்டுவந்த கோணிப்பையை அம்மையின் முன்னால் மெதுவாக இறக்கினார். உள்ளே ஓர் இளம் மலைப்பாம்பு. அவருடைய வலையில் மாட்டித் திமிறியதில் வயிற்றில் கயிறு அறுத்திருந்தது.

“விட்டுட்டுப் போகத்தான் வந்தேன்,” என்றார். “மனசு கேக்கல. நானும் இங்கேயே இருந்துக்கிடட்டுமா?”

“புதுக் கைக்கு மலைப்பாம்பு ஆகாது,” என்றார் அம்மை.

“என் கை பழசுதாம்மா. பாம்புக்குத்தான் நான் புதுசு.”

அம்மை சிரித்துச் சம்மதித்தார். அருகில் நின்ற சாத்தப்பனிடம் அம்மை இப்படிச் சிரித்துப் பேசியதில்லை.

ஆமை தன் பாட்டுக்கு இருந்தது. கீரை தின்றது. வெயிலில் கிடந்தது. வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்ந்தது. அதைப் பற்றி யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லை.

பாம்பு அப்படியல்ல. பழுப்பும் மஞ்சளுமாக அதன் உடம்பில் ஓடிய கட்டங்களைப் போல ஒரு நெசவை, துணியிலேயே வாழ்ந்த சாத்தப்பன் எந்தத் தறியிலும் பார்த்ததில்லை. மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் வேலியோரம் நின்று பாம்பைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. தினமும் காலையில் அம்மை மாசானத்தின் கூண்டருகே வந்து நிற்பார். குனிந்து பார்ப்பார். ஏதோ கேட்பார். மாசானம் ஏதோ சொல்வார். ஆமைக் கூண்டைக் கடக்கும்போது அம்மையின் நடை நிற்காது.

பாம்பு எப்போது இரை எடுத்தது, எப்போது கண் வெளுத்துத் தோல் உரித்தது, எந்தக் கல்லின் மேல் வெயில் காய்ந்தது எல்லாம் சாத்தப்பனுக்கு அத்துப்படி. ஆமைக்குக் கீரை போட்டோமா என்பதைத்தான் சில நாள் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒருநாள் கிணற்றடியில் மாசானத்தை மடக்கினார்.

“போன வாரம் ஒரு எலி போட்டீரு. அதோட சரி. வாயில்லாச் சீவனப் பட்டினி போடுதீரே, நியாயமா?”

“அதுக்குப் பசிக்கல அண்ணாச்சி. பாத்துக்கிட்டே இருக்கிற உங்களுக்குத்தான் பசிக்கு.”

“எலி பிடிக்கச் சோம்பல்னு சொல்லும்.”

“சோம்பல்தான். அதுக்கும் எனக்கும் அந்த ஒரு விசயத்துல நல்ல பொருத்தம்.”

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சாத்தப்பன் ஈரக் காலோடு நேராக அம்மையிடம் போனார்.

“அம்மா, எனக்கு அந்த மலைப்பாம்பு வேண்டும்.”

“ஆமைக்கு என்ன குறை?”

“குறை ஒன்றுமில்லை.”

“பாம்புக்கு?”

“அவர் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. என்னிடம் இருந்திருந்தால் இந்நேரம் இரண்டு பங்கு வளர்ந்திருக்கும்.”

அம்மை மாசானத்தைக் கூப்பிட்டார். “மாற்றிக்கொள்ளச் சம்மதமா?”

அன்றைக்கு மாசானத்திடம் வேடிக்கைப் பேச்சு இல்லை. கூண்டுக்குள் கைவிட்டு, ஆறிவந்த காயத்தைச் சுற்றி விரலால் தடவினார்.

“நல்லாப் பாத்துக்கிடுவாருன்னா சரிதாம்மா,” என்றார். பிறகு சாத்தப்பனிடம் திரும்பினார். “மழைக்காலம் வருது அண்ணாச்சி. வெயில் இல்லாத நாள்ல இரை போட்டுராதீங்க. உடம்பு சூடேறலேன்னா அதுக்குச் செரிக்காது. தின்ன பிறகு கொஞ்ச நாளைக்குத் தூக்கவும் கூடாது.”

சாத்தப்பன் தலையாட்டினார். தன்னிடம் வந்து பாம்பு பெருத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மனுசன் இதையெல்லாம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மை அவருடைய கூண்டருகே வந்து நின்றார். அதற்கு மறுநாளும் வந்தார். சாத்தப்பனின் முகம் தெளிந்தது. வேட்டியை வெளுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

ஒருநாள் சொன்னார்: “அம்மா தினமும் என்னைத் தேடி வருகிறீர்கள். பெரிய பாக்கியம்.”

“பயத்தில் வருகிறேன்,” என்றார் அம்மை. குனிந்து பாம்பின் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாத்தப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. “மாசானத்திடம் இருந்தபோதும் பயத்தில்தான் வந்தீர்களா?”

“ஆமாம்.”

“அப்போது ஆமைக் கூண்டருகே நீங்கள் நின்றதே இல்லையே, அம்மா.”

“ஆமை நன்றாகத்தானே இருந்தது.”

அம்மை போய்விட்டார். ஆமைக் கூண்டைக் கடந்தபோது இப்போதும் அவருடைய நடை நிற்கவில்லை. உள்ளே மாசானம் பூசணிப் பூவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்பிள்ளே. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. இந்த நடை நடந்தா பொண்ணு வீட்டுக்காரன் வேற ஆளப் பாத்துருவான்.”

ஆமை தலையை நீட்டிக்கொண்டு அவரை நோக்கி நடந்தது. சாத்தப்பனிடம் அது அப்படி நடந்ததில்லை. அவர் அதைக் கூப்பிட்டதும் இல்லை. அம்மை நிற்காமல் போவதை இத்தனை மாதம் அவமானம் என்று எண்ணியிருந்தார். இப்போது அந்த நம்பிக்கை மாசானத்துக்குக் கிடைக்கிறது. சாத்தப்பனுக்கு அதுவும் வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கார்த்திகையிலும் வானம் வெளுக்கவில்லை. மலைக்கோயிலின் கார்த்திகைத் திருவிழாவுக்குப் போகிற கூட்டம் மடத்து வழியாகத்தான் மலை ஏறும். பாம்பு இளைத்துத் தெரிவதாக சாத்தப்பனுக்குப் பட்டது. இளைத்த பாம்பைப் பார்த்தால் மாசானம் மனதுக்குள் சிரிப்பார் என்றும் பட்டது. விழாவுக்கு முந்தின நாள், இருப்பதிலேயே பெரிய எலியாகப் பிடித்துப் போட்டார். பாம்பு விழுங்கியது.

விழா அன்று வேலியோரம் ஜனம் நெருக்கியது. சாத்தப்பன் பாம்பைத் தூக்கித் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கூட்டம் ஆரவாரித்தது. அவர் கண் கூட்டத்தில் இல்லை. மாசானம் பார்க்கிறாரா என்றுதான் தேடியது.

மாசானம் பார்த்தார். பார்த்ததும் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, இரை எடுத்திருக்கா?”

“உமக்கு என்னவே? உம்ம மாப்பிள்ளையப் போய்ப் பாரும்.”

“இறக்குங்க அண்ணாச்சி. கும்பிட்டுக் கேக்கேன்.”

பாம்பின் உடம்பு ஒருமுறை முறுக்கியது. செரிக்காத எலியை, முன்வரிசையில் நின்ற ஒருவரின் புது வேட்டியில் அப்படியே கக்கியது. கூட்டம் அலறிக்கொண்டு விலகியது. பாம்பு நனைந்த துண்டுபோல சாத்தப்பனின் தோளில் தொங்கியது.

அம்மை விரைந்து வந்தார். பாம்பை வாங்கிக்கொண்டு போய் அடுப்படிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் கிடத்தினார். கல்லைச் சூடுகாட்டித் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தார்கள். கல் ஆறியதும் மாசானம் மாற்றுவார். அது ஆறியதும் அம்மை மாற்றுவார். சாத்தப்பன், யாரும் சொல்லாமலே, தன் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். துணிக்கடைக்குத் திரும்பிப் போனால் மகன்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்தார். மாசானத்துக்கு மட்டும் பாடம் தொடங்கும் என்றும் யோசித்தார். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

சில நாள் கழித்து மேகம் விலகியது. பாம்பை வெயிலில் கிடத்தினார்கள். உச்சிப்பொழுதில் அது தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது.

“மூட்டையை அவிழ்க்கலாம்,” என்றார் அம்மை.

சாத்தப்பன் அவர் காலில் விழுந்தார். அடுத்த சில வாரங்கள் பாம்பை அம்மையே பார்த்துக்கொண்டார். ஆமை மாசானத்திடம் இருந்தது. சாத்தப்பன் தண்ணீர் இறைத்தார், முற்றம் பெருக்கினார். பெருக்கும்போது ஆமைக் கூண்டுப் பக்கம் மட்டும் விளக்குமாறு அதிக நேரம் ஓடியது.

பாம்பு மறுபடி இரை எடுக்கத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலை அவர் அம்மையிடம் போனார்.

“அம்மா, எனக்குப் புத்தி வந்துவிட்டது. பாம்பு எனக்கு ஆகாது. அதை மாசானமே வைத்துக்கொள்ளட்டும். என் ஆமையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.”

“ஆமை எதற்கு?”

“பழக்கமில்லாதவனுக்கு அதுதான் சரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?”

“நான் சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு எதற்கு?”

சாத்தப்பன் சற்றுத் தயங்கினார். “அவர் கூப்பிட்டால் வருகிறது, அம்மா.”

அம்மை எழுந்து அவரைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஒரு கூண்டில் பாம்பு சுருண்டு கிடந்தது. எதிர்க் கூண்டில் ஆமை கீரைத் தண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

“மாசானத்தின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது,” என்றார் அம்மை. “பார்த்துக்கொள்ள ஆளில்லையாம். விடியும்போதே கிளம்பிவிட்டார். இனி வரமாட்டார்.”

“பாம்பு?”

“விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆமையையும்.”

சாத்தப்பன் இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே போய் நின்றார்.

“இரண்டும் இப்போது யாருடையதும் இல்லை,” என்றார் அம்மை. “உங்களுக்கு எது வேண்டும்?”

அவர் பாம்பைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். பிறகு பழக்கத்தில், மாசானம் எந்தக் கூண்டருகே நிற்கிறார் என்று பார்த்தார். எதன் அருகிலும் அவர் இல்லை.

“சொல்லுங்கள்,” என்றார் அம்மை.