முந்நூறு அடுப்புக்காரர்

காகங்கள்கூட இருமிக்கொண்டே பறந்த ஒரு காலம் உண்டு, கேளுங்கள். அப்போது குமிழிநாட்டைச் செங்கதிரன் என்ற அரசன் ஆண்டான். அவன் ஊரில் பெருநிதியார் என்று ஒரு வணிகர் இருந்தார்.

மற்றவர்களுக்கு வீட்டுக்கு ஓர் அடுப்பு. பெருநிதியாருக்கு முந்நூறு! வெல்லம் காய்ச்ச நூறு, சாயம் காய்ச்ச நூறு, சும்மா இருக்க மனமில்லாமல் இன்னும் நூறு. யானைக்கு வெந்நீர் போட ஓர் அடுப்பு, தலைப்பாகை உலர்த்த ஓர் அடுப்பு, அதை உலர்த்துகிறவன் குளிர்காய ஓர் அடுப்பு! நான் பொய் சொல்வேனா?

மலைமரமெல்லாம் விறகாகிப் புகையாகிப் போயிற்று. முதல் வருடம் மழை குறைந்தது. இரண்டாம் வருடம் தூறியது. மூன்றாம் வருடம் எட்டியே பார்க்கவில்லை.

அரசன் மலையெங்கும் கன்றுகள் நட்டான். தினமும் வீட்டுக்குப் பத்துக் குடம் தண்ணீர் அவற்றுக்கு ஊற்ற வேண்டும் என்று முரசறைந்தார்கள்.

பெருநிதியாருக்குக் கொண்டாட்டம். "ஆகா, எல்லோருக்கும் ஒரே நீதி! என் வீடும் ஒரு வீடுதானே?" ஏழு கிணறு வைத்திருந்தவர் பத்துக் குடம் அனுப்பிவிட்டுக் குறட்டை விட்டார்.

உப்பு விற்கும் குறும்பாயியின் கிணற்றில் ஊறுவதே பத்துக் குடம். அதுவும் மலைக்குப் போனால் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச நீரேது? பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிற்று. பெற்றவளால் பொறுக்க முடியவில்லை. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள். பெருநிதியாரும் அங்கேதான் இருந்தார்.

"மகாராசா, இந்த ஐயாகிட்ட மூணு கேள்வி கேக்கணும்."

அரசன் தலையசைத்தான்.

"ஐயா, தேர்த் திருவிழாவில முதல் மாலை யாருக்கு?"

"எனக்குத்தான்! முந்நூறு அடுப்பு எரிகிற வீடு வேறெது?"

"ஏரி மடை திறந்தா முதல் தண்ணி யாருக்கு?"

"எனக்குத்தான்! என் வீடு முந்நூறு வீட்டுக்குச் சமம்!" மீசையை முறுக்கினார்.

"அப்போ மலைக்கு எத்தனை வீட்டுத் தண்ணி, ஐயா?"

பெருநிதியார் முறுக்கிய மீசையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார். அவையே வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்த சிரிப்பில் அரசனின் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

"அடுப்புக்குப் பத்துக் குடம்!" என்றான் அரசன், கண்ணைத் துடைத்தபடி. "குறைந்த நீருள்ள வீடுகள் குடித்தது போக மிச்சம் தந்தால் போதும்."

அன்று மாலையே தலைப்பாகை அடுப்பு அணைந்தது. மறுநாள் யானையின் அடுப்பு அணைந்தது. யானைக்குப் பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது! மாதம் முடிவதற்குள் இருநூறு அடுப்பு அணைந்தது. மீதி நூற்றுக்கு ஆள் போதாமல் பெருநிதியாரே குடம் சுமந்து மலையேறினார்.

நாலு வருடம் கழித்து மலை பச்சையானது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊரே தெருவில் குதித்தது. குறும்பாயியின் மகள் நடுத்தெருவில் நின்று, வாயைப் பிளந்து வயிறு நிறைய மழையைக் குடித்தாள்.

ஊருக்கு வந்த கேட்டில் யார் பங்கு பெரிதோ, அதைச் சீராக்கும் சுமையிலும் அவர் பங்கே பெரிதாக இருக்க வேண்டும்.