கிடையில் முட்டு வாங்கியவர்

தைலம்மையின் மடத்தில் இரண்டே சீடர்கள். மூத்தவர் ஆவுடையப்பன். பல வருடமாக இருக்கிறார், வயதில் அம்மையைவிடப் பெரியவர். அடுத்தவன் பூமிநாதன். நாற்பது வயதுக்காரன், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், போன தை மாதம்தான் வந்து சேர்ந்தான்.

அவன் வந்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மை இவரை "வாங்கண்ணே" என்பார். அவனை "வாடா" என்பார். போதாதா? விளக்குத் துடைத்துத் துடைத்து இவர் கை தேய்ந்து கிடக்க, நேற்று வந்தவனுக்கு 'டா' கிடைக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்!

சித்திரையில் அம்மை காசிக்குப் புறப்படுகிறார். திரும்பி வருவது நிச்சயமில்லை. கூட ஓர் ஆள்தான் என்று சொல்லியிருந்தார். யார் என்று சொல்லவில்லை. ஆவுடையப்பனுக்கு அதே நினைப்புதான், தூக்கத்திலும்.

பங்குனியில் இருளாயி வந்து கூப்பிட்டாள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் அவளும் வீட்டுக்காரரும் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள்.

"ஒரு பொழுது வந்து இருந்துட்டுப் போங்கம்மா. உங்க கால் படட்டும்."

மூவரும் விடியக்காலையில் போனார்கள். அதற்குள் இருளாயியின் வீட்டுக்காரர் ஆடுகளை மேய்ச்சலுக்குப் பத்திக்கொண்டு போயிருந்தார். இளங்குட்டிகள் மட்டும் கிடையில் இருந்தன. ஆள் உட்காரும் அளவு பெரிய கூடைகளைக் கவிழ்த்து, உள்ளே குட்டிகளை அடைத்திருந்தார்கள்.

"இது குடாப்பு. பச்சக்குட்டி வெயில்ல நடக்காதுல்ல, அதான். ஆத்தா மேஞ்சுட்டு வர்ற வரைக்கும் உள்ள கிடக்கும்" என்றாள் இருளாயி.

அம்மை பூமிநாதனைப் பார்த்தார். "டேய், நீ போய் இருளாயிக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணு."

ஆவுடையப்பனிடம், "அண்ணே, நீங்க என்கூட வாங்க" என்று சொல்லிவிட்டுக் கருவேல மரத்து நிழலுக்குப் போனார்.

சரிதான், அவனுக்கு வேலை, எனக்கு நிழல். கிழவனை ஓரங்கட்டியாச்சு என்று நினைத்துக்கொண்டார் ஆவுடையப்பன்.

அம்மை பேசத் தொடங்கினார். மடத்தில் யாரிடமும் பேசாத பேச்சு. ஆவுடையப்பனின் கண் குடாப்புகளின் பக்கமே இருந்தது. பூமிநாதன் புழுக்கை கூட்டுகிறான். இருளாயி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அம்மைகூட ஒரு தரம் அங்கே பார்த்தார். ஏன் பார்த்தார்?

"என் குரு போனப்ப நான் அழலண்ணே. ரொம்ப நாள் கழிச்சு அரிசி களையும்போது அழுகை வந்துச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"ம். அவன் அந்தக் கூடையைக் கோணலா வச்சிருக்கான் பாருங்க."

அம்மை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு வேறொன்று ஆரம்பித்தார்.

"காசியில சித்திரை வெயில் நெருப்பா இருக்குமாம். தாங்குமாண்ணே?"

"தாங்காம என்ன? லாரி ஓட்டுன உடம்பு" என்றார் ஆவுடையப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதன்பிறகு அம்மை பேசவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை. அப்போது பூமிநாதன் மோர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது செம்பு.

பொழுது சாய ஆடுகள் திரும்பின. அடேயப்பா, அந்தச் சத்தம்! தாய்கள் வெளியே கத்த, குட்டிகள் கூடைக்குள் கத்த, பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை.

"தாயைப் பார்த்துப் பார்த்துத்தான் விடணும்" என்று கத்திச் சொன்னாள் இருளாயி. அவள் கை காட்டக் காட்ட, பூமிநாதன் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிக்கொண்டுபோய் விட்டான்.

அம்மை கிடை ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. நமக்கு மட்டும் கையில்லையா? விறுவிறுவென்று போய் ஒரு குடாப்பைத் தூக்கினார். கைக்கு வந்த குட்டியை எடுத்தார். பக்கத்தில் ஓர் ஆடு தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றது. நல்ல பெரிய மடி. இதையும் அங்கேயே கொண்டுபோய் முட்டிக் குடிக்க விட்டார்.

ஆடு ஒரு தரம் மோந்து பார்த்தது. குட்டியை முட்டித் தள்ளியது. அவர் விடவில்லை, மறுபடியும் திணித்தார். இந்தத் தடவை முட்டு அவருக்கு. வேட்டியோடு புழுக்கையில் போய் உட்கார்ந்தார்.

பூமிநாதன் ஓடிவந்து தூக்கிவிட்டான். அந்தக் கையை உதறினார் ஆவுடையப்பன்.

"விடுங்க சாமி, விடுங்க! இது அதோட ஆத்தா இல்ல. வேத்துக்குட்டியை அண்ட விடாது" என்றாள் இருளாயி.

"பால் பால்தானே! யார் மடியில குடிச்சா என்ன?"

"நல்லா கேட்டீக! அதோட ஆத்தா உங்க முதுகுக்குப் பின்னாடிதான நின்னு கத்துது. காதுல விழலையா?"

திரும்பிப் பார்த்தார். கறுத்த முகத்து ஆடு ஒன்று கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. மடி விம்மிப்போய் பால் சொட்டியது. குட்டியோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முட்டு வாங்கிய மடிக்கே மறுபடி ஓடப் பார்த்தது. இருளாயி அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் விட்டாள்.

"காலையிலேருந்து பால் கட்டி நிக்குது சாமி. இது குடிக்கலைன்னா மடி கல்லாப் போயிரும், காச்சல் கண்டுரும். குட்டிக்கு மட்டுமா கஷ்டம்?"

திரும்பும்போது பூமிநாதன் முன்னால் போனான். கண்மாய்க்கரை ஏறியதும் ஆவுடையப்பன் நின்றுவிட்டார்.

"அம்மா, இனி மறைச்சுப் பேசி என்ன? வயிறு எரியுது எனக்கு. அவனுக்கு நீங்க குடுக்கிறதுல கால்வாசி எனக்கு இல்ல. என்கிட்ட என்ன குறை? காசிக்கு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?"

அம்மையும் நின்றார்.

"மரத்தடியில நான் என்ன பேசினேன், சொல்லுங்க."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பூமிநாதன் எந்தக் கூடையை எங்கே வைத்தான், யாரோடு சிரித்தான், எல்லாம் வரிசையாக வந்தது. அம்மை பேசியது வரவில்லை.

"ஏதோ... காசி வெயில்னு..."

"தாங்குமான்னு யார் உடம்பைக் கேட்டேன்?"

அவர் கை தானாக அவர் நெஞ்சைத் தொட்டது. கீழே கிடையில் சத்தமெல்லாம் அடங்கியிருந்தது.

"என்மேல கோபமாம்மா?"

"கோபம் இல்லண்ணே" என்றார் தைலம்மை. "காலையிலேருந்து கட்டி நின்னு வலிக்குது."